கருகமணி கழற்ற வந்தவர்கள்

அத்தா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம். எலும்புக் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். கறிக்கடைக்காரர் வீட்டில் கறிக்குக் குறைவில்லை என்று ஊர் நினைக்கும். உண்மையில் விற்காமல் மிஞ்சிய எலும்புதான் எங்களுக்கு வரும். அதிலும் அன்றைக்கு ஓர் ஈரல் துண்டு இருந்தது. அதை எனக்கென்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்.

அப்போதுதான் நாலைந்து பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவள் அத்தாவின் கூடப்பிறந்த தங்கை ஜொகரா அத்தை. கக்கத்தில் மடித்த வெள்ளைப் புடவை. கையில் பெரிய கத்திரி. அவள் புருஷன் வில்லியனூர்க் கடைத்தெருவில் தையல்காரர். அந்தக் கத்திரியை நான் அவர் கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன். தொட்டால் திட்டுவார்.

"அண்ணி, இப்டி வந்து குந்து" என்றாள் அத்தை.

"இன்னாத்துக்கு?" என்றாள் அம்மா.

"ஜமாத்துல சொல்லிட்டாங்க. அண்ணன் மார்க்கத்த வுட்டுப் போயிட்டதால ஒங்க நிக்காஹ் முறிஞ்சிபோச்சாம். கருகமணிய எடுத்துட்டு நீ இத்தா இருக்கணுமாம்."

கருகமணி என்றால் எங்கள் பெண்களுக்குக் கல்யாணத்தன்று கழுத்தில் கட்டும் கறுப்பு மணிச்சரம். மற்றவர்களுக்குத் தாலி எப்படியோ எங்களுக்கு அது. புருஷன் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், அவனுடைய சகோதரிமார் வந்து அதைக் கழற்றுவார்கள். வெள்ளைப் புடவை கொடுப்பார்கள். அதன் பிறகு குறித்த காலம் வரை அவள் வெளியே வராமல் இருப்பதற்குப் பெயர்தான் இத்தா.

அத்தாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா அத்தையைப் பார்க்கவில்லை. அத்தாவைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?"

"ஊத்து" என்றார் அத்தா.

ஊற்றிவிட்டு அகப்பையும் கையுமாகத் திரும்பினாள். "மவுத்தாப் போனவரு ரெண்டாந்தடவ கொழம்பு கேக்குறாரு. நான் யாருக்குடி இத்தா இருக்கணும்?"

வந்தவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜொகரா அத்தை சிரிக்கவில்லை. நேராக அம்மாவின் கழுத்துக்குக் கையை நீட்டினாள். அம்மா குழம்புக் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வெள்ளைப் புடவையில் மஞ்சளாக ஒரு கறை விழுந்தது. அந்தக் கறையோடுதான் திரும்பிப் போனார்கள்.

நான் ஈரலைத் தின்னவில்லை. யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

ஆறாத கஞ்சி

சென்ற வாரம் அத்தாவின் கறிக்கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கடலூரிலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். ‘எல்லாம் கழிந்துபோன கதை, இப்போது கிளறுவானேன்?’ என்று கேட்கிறார். இந்தப் பத்திரிகை ஆசிரியரும் நல்ல மனிதர்தான், ‘கோபத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே அம்மா’ என்கிறார்.

குறைக்க மாட்டேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். எங்கள் வீட்டுக் கஞ்சி ஆறவே இல்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் அத்தா காசிம், புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் கறிக்கடை வைத்திருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு சில வருடம் கொழும்பில் ஒரு கறிக்கடையில் வேலை பார்த்தார். அங்கே அகமதியாக்களோடு பழக்கம் ஏற்பட்டு, திரும்பி வரும்போது அவர்களில் ஒருவராக வந்தார்.

முஸ்லிம்கள் எல்லோரும் வருவார் என்று காத்திருக்கும் மஹ்தி என்கிற வழிகாட்டி வந்துவிட்டார், வடக்கே ஒரு சிற்றூரில் பிறந்து வாழ்ந்து மறைந்தும் விட்டார் என்று நம்புகிறவர்கள் அவர்கள். அவரை நபி என்றும் சொல்கிறார்கள். கடைசி நபிக்குப் பிறகு இன்னொருவரா என்று மற்றவர்களுக்கு அது பொறுக்காது. பொறுக்க வேண்டாம். உட்கார்ந்து வாதாடியிருக்கலாம். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். ஒருவன் எதை நம்புகிறான் என்பதற்கும் அவன் பெண்டாட்டி கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

அத்தா அதே கலிமாவைத்தான் சொன்னார். அதே ஐந்து வேளையும் தொழுதார். அதே நோன்பு பிடித்தார். நான் மார்க்கம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

நெஞ்செலும்பு

முதல் அடி கடைக்கு விழுந்தது. ‘காதியானி அறுத்தது ஹராம்’ என்று ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். காதியானி என்பது அகமதியாக்களுக்கு மற்றவர்கள் வைத்த வசைப்பெயர். அதே ஆடு, அதே கத்தி, அறுக்கும்போது அதே பிஸ்மில்லா. முதல்நாள் வரை ஹலால், மறுநாள் ஹராம்.

கடையில் காக்காய்தான் வந்து உட்கார்ந்தது. கிறிஸ்தவர்களும் இந்துக்களும் வாங்கியதால் பிழைத்தோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளிவாசல் ஜமாத்தின் தலைவரான முத்தவல்லி வீட்டில் மாட்டுக்கொட்டகை கூட்டும் அந்தோணியம்மா திடீரென்று எங்கள் வாடிக்கைக்காரி ஆனாள். வாரம் தவறாமல் வந்து ‘கொழுப்போட நெஞ்செலும்பு’ கேட்பாள். கொழுப்போடு நெஞ்செலும்பு வாங்கி ரசம் வைக்கிற வீடு வில்லியனூரிலேயே ஒன்றுதான். அத்தாவுக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் இலையில் கட்டிக் கொடுப்பார். கூட ஒரு துண்டும் போடுவார்.

"அதுல ஏன் ஒண்ணு கூடப் போடுறே?" என்று அம்மா சண்டைக்குப் போவாள்.

"ஹராம் திங்கிறவன் நல்லாத் திங்கட்டும் புள்ள" என்பார் அத்தா.

அத்தாவுக்குச் சிரிக்கத் தெரிந்தது. அம்மாவுக்கும் எனக்கும் அது வாய்க்கவில்லை.

தலையிட மாட்டோம் என்ற துரை

அத்தை கத்திரியோடு வந்தபோது அம்மா பிள்ளை உண்டாகியிருந்தாள். தம்பி யூசுப் பிறந்தான். பிறப்பைப் பதிய அத்தா மேரிக்குப் போனார். மேரி என்றால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் கொம்யூன் என்னும் ஊராட்சிப் பிரிவுக்கு ஒன்றாக இருக்கும் அலுவலகம். பிறந்தாலும் செத்தாலும் அங்கேதான் போக வேண்டும்.

எங்களுக்கு முன்னால் ஜமாத்து போயிருந்தது.

"அப்பன் பேரு எழுதுறேன், ஆயி பேரு எழுதுறேன்" என்றார் மேரி எழுத்தர். "சம்சாரம்னு மட்டும் எழுத முடியாதுபா. நிக்காஹ் செல்லாதுன்னு காஜியாரே சொல்லிட்டாரு. முறையில்லாத புள்ளன்னுதான் எழுதணும்."

எங்கள் பக்கத்து முஸ்லிம்களில் அப்போது நிக்காஹை மேரியில் பதிகிறவர்கள் குறைவு. பள்ளிவாசலில் ஓதினால் போதும் என்று இருப்பார்கள். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் நிக்காஹ் ஓதிவைத்தவர் அதே காஜியார்தான். கல்யாண விருந்தில் இரண்டு முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

அத்தா எழுதவிடவில்லை. புதுச்சேரிக் கோர்ட்டுக்குப் போனார். அங்கே வெள்ளைக்காரத் துரை நீதிபதி. இந்தியர்களின் கல்யாணம், சொத்து விவகாரங்களை அவரவர் மத வழக்கப்படியே தீர்ப்பது அவர்கள் முறை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். வழக்கம் எது என்று யாரிடம் கேட்பார்கள்? காஜியாரிடம்தான். அவரோ ஏற்கெனவே எங்களைத் தள்ளிவைத்தவர்.

துரை அத்தாவைப் பார்த்து, நீ யார் என்று கேட்டார். முஸ்லிம் என்றார் அத்தா. காஜியாரைக் கேட்டார். இல்லை என்றார் காஜியார். இந்துவா? இல்லை. கிறிஸ்தவனா? இல்லை. அப்படியானால் துரையின் கையில் இருந்த எந்த வழக்கத்திலும் என் அம்மா ஆமினாவுக்குப் புருஷன் கிடையாது. வீட்டில் மட்டும் இருந்தார்.

அத்தா அன்று கோர்ட்டில் நீளமாகப் பேசினாராம். "அய்யா, என் மார்க்கம் சரியா தப்பான்னு ஒங்கள நான் கேக்கல. அத அல்லா பாத்துக்குவான். இந்தப் பொம்பள என் பொண்டாட்டி. ஊரக் கூட்டி, சோறு போட்டு, இதே காஜியார் முன்னால கட்டிக்கினேன். அவளப் பொண்டாட்டின்னு எழுதுங்க. அது போதும்." மொழிபெயர்க்க நின்ற துபாஷி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, துரையிடம் பிரெஞ்சில் இரண்டே வார்த்தை சொன்னானாம். அந்த இரண்டு வார்த்தை என்னவாக இருக்கும் என்று சாகும்வரை அத்தா யோசித்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு, சர்க்கார் மத விஷயத்தில் தலையிடாது என்பது. தலையிட மாட்டோம் என்று சொல்லியே என் அம்மாவின் தலையில் கைவைத்தார்கள். கத்திரியோடு வந்த அத்தையாவது செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தாள்.

தம்பி முறையில்லாத பிள்ளையாகப் பதிவானான். வெள்ளைக்காரன் போன பிறகு அதைத் திருத்தச் சொல்லி அவன் அலைந்தான். புது அதிகாரி கனிவாகத்தான் பேசினார். கனிவாகப் பேசிவிட்டு, காஜியாரிடமிருந்து ஒரு சான்று வாங்கி வாருங்கள் என்றார்.

கடைத்தெரு

தீர்ப்பு வந்த வாரமே அடி விழுந்தது. அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களுக்கு இப்போது சர்க்காரே துணை என்று ஆகிவிட்டது.

தொழுகை முடிந்து கூட்டமாக வந்தார்கள். வேற்றூர்க்காரர்கள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அத்தனை பேரும் எங்கள் தெரு. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தனக்கூடு ஊர்வலம் காட்டியவரும் அதில் இருந்தார். தொங்கின கறியை இழுத்துத் தெருமண்ணில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அத்தாவைக் கீழே தள்ளி, வலது கையைக் கல்லில் வைத்துத் தடியால் அடித்தார்கள். அறுக்கிற கை. யோசித்துத்தான் அடித்திருக்கிறார்கள்.

மூலையில் சிப்பாய் ஒருவன், நாங்கள் சொல்தா என்போம், நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா யூசுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனிடம் ஓடினாள்.

"அது ஒங்க மத வெவகாரம்மா. அதுல நாங்க பூர முடியாது" என்றான் அவன். துரை சொன்னதைத் துபாஷி இல்லாமலேயே அவன் சரியாகப் புரிந்துகொண்டிருந்தான்.

உடைந்த கை எலும்பு கூடியது. கோணலாகக் கூடியது. அதன் பிறகு அத்தாவால் தனியாக ஓர் ஆட்டை உரிக்க முடியவில்லை. அத்தா இடது கையால் அறுப்பார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உரிப்பாள். 

யாரும் கேட்காத ஊர்

வில்லியனூரை விட்டுத் தவளக்குப்பத்துக்கு வந்தோம். கடலூர் ரோட்டில் நாலு பக்கத்து வண்டியும் நின்று போகும் இடம். ஓலைக்கொட்டகை போட்டு ஆட்டைத் தொங்கவிட்டோம். செலியமேட்டிலிருந்து குடியானவர்கள் வந்தார்கள். மீன் சலித்த நாளில் மணப்பட்டிலிருந்து மீன்பிடிக்கிற கரையார்கள் வந்தார்கள்.

முதல்நாளே அம்மா பயந்துபோய், வாங்க வந்த செலியமேட்டுக் கவுண்டர் ஒருவரிடம் முந்திக்கொண்டு சொன்னாள்: "நாங்க அகமதியாங்க. எங்க ஆளுங்க நாங்க அறுத்தத திங்க மாட்டாங்க."

"எந்த மதியாவா இருந்தா எனக்கின்னாம்மா? நல்லி எலும்பு இருக்குதா, இல்லியா?" என்றார் அவர்.

அவரைப் பெரிய மகாத்மா என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வீட்டில் எங்களுக்கு வாசலோடு சரி. தண்ணீர் கேட்டால் கையில்தான் ஊற்றுவார்கள். ஆனால் அம்மாவை அந்த ஊர் முழுக்க ‘கறிக்கடைக்காரரு சம்சாரம்’ என்றே கூப்பிட்டார்கள். யாரும் காஜியாரைக் கேட்டுவிட்டுக் கூப்பிடவில்லை. அம்மா அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் கழுத்துச் சரத்தை ஒருமுறை தொட்டுக்கொள்வாள்.

அந்தச் சரம் வெறும் பருத்திக் கயிறு. ஆட்டுக் கொழுப்பும் வேர்வையும் பட்டு அடிக்கடி நையும். அம்மா அதை ஒருபோதும் முழுசாகக் கழற்றியதில்லை. புதுக் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பழையதிலிருந்து மணிகளைப் பாதி பாதியாக மாற்றிக் கோப்பாள். ஒரு நிமிடம்கூடக் கழுத்து வெறுமையாக இருக்காது. அவிழ்த்து வைத்துவிட்டுக் கோத்தால் என்ன என்று நான் கேட்டதுண்டு. "அவங்க கழட்டச் சொன்னத நானா எதுக்குடி கழட்டணும்?" என்பாள்.

கரும்புக் கொல்லை

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலத்தில் ஒரு காலையில் அத்தா காய்ச்சலில் போய்விட்டார்.

அத்தாவின் தாயும் தகப்பனும் வில்லியனூர் மையவாடியில், எங்கள் இடுகாட்டில், அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இவருக்கும் ஆறடி கொடுங்கள், தூக்கிவரச் சந்தூக்கும் அனுப்புங்கள் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். சந்தூக்கு என்பது இறந்தவர் உடலை, அதாவது மையத்தைத் தூக்கிப்போகும் பெட்டி. பள்ளிவாசலில் பொதுவாக இருக்கும். ஏழை, பணக்காரன், குடிகாரன், திருடன் எல்லோருக்கும் அதே பெட்டிதான்.

சேதி கொண்டுபோன வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். "காதியானிக்கு இங்க எடம் இல்லியாம். பொட்டியத் தொட்டாலே தீட்டாம்" என்றார்.

குடிகாரனுக்கும் திருடனுக்கும் உண்டு. ஐந்து வேளை தொழுத என் அத்தாவுக்குக் கிடையாது.  

செலியமேட்டுக் கவுண்டர்தான் வந்தார். "கரும்பு வெட்டின கொல்ல ஒண்ணு இருக்குது. ஓரமா ஒரு எடம் காட்டுறேன். கல்லு, கட்டடம் ஒண்ணும் எழுப்பக்கூடாது. ஏர் ஓட்டுறப்ப அந்தப் பக்கம் வுட்டுட்டு ஓட்டச் சொல்றேன்" என்றார்.

கடைப் பலகையில் வைத்துத் தூக்கிப்போனோம். யூசுப் சின்னவன். அவன்தான் முன்னால் நின்று தொழவைத்தான். பின்னால் வரிசை கட்ட எங்கள் ஆண்கள் யாரும் இல்லை. அம்மாவும் நானும் நின்றோம். வண்டிக்காரரும் கவுண்டரும் கொஞ்ச தூரத்தில் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார்கள். காய்ந்த கரும்புத் தோகை காலடியில் சரசரத்தது.

மீண்டும் வெள்ளைப் புடவை

மூன்றாம் நாள் ஜொகரா அத்தை வந்தாள்.

தனியாக வந்தாள். யாருக்கும் தெரியாமல் வந்திருப்பாள். தலைமுடி நரைத்திருந்தது. கையில் புதிதாக ஒரு வெள்ளைப் புடவை. ‘அண்ணே, அண்ணே’ என்று வாசலிலேயே விழுந்து அழுதாள். பொய்யழுகை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு இரங்கவில்லை. இன்று வரைக்கும் இரங்கவில்லை.

அழுது ஓய்ந்து எழுந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். முறைப்படி அண்ணன் சம்சாரத்தின் கருகமணியைக் கழற்ற வேண்டியவள் அவள்தான். கையை நீட்டினாள். இந்தமுறை கத்திரி இல்லை.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இப்ப இன்னாத்துக்குக் கழட்ட வந்தே?"

"அண்ணன் பூட்டாரே அண்ணி. நீ இத்தா இருக்கணும் இல்ல?"

"யாரு மவுத்துக்கு இத்தா இருப்பாங்க?"

"புருஷன் மவுத்துக்கு."

"அப்போ அவரு என் புருஷன்தானா?"

அத்தை கையை உருவிக்கொண்டாள்.

"இத்தன வருசமும் நான் அவரு பொண்டாட்டிதான்னா, யூசுப்பு முறையான புள்ளதான்னா, அத வில்லியனூர்ல போயி சொல்லு. ஜமாத்து முன்னால நின்னு சொல்லு. சொல்லிட்டு வா. நானே கழுத்தக் காட்டுறேன்."

"சொன்னா என்னையும் தள்ளிவெச்சிடுவாங்க அண்ணி. எங்க வூட்டுக்காரரு கடையில ஒரு துணி வந்து வுழாது."

"ஆமா, வுழாது" என்றாள் அம்மா. "எங்க கடையில காக்காதான் வந்து குந்திச்சி. நாங்க பொழைக்கல?"

வெள்ளைப் புடவையை மடிப்புக் கலையாமல் எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள். "சொல்றப்ப எடுத்துக்கினு வா."

அத்தை எழுந்து போனாள். திரும்பவும் வருவாள் என்று அம்மா நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெருநாளைக்கு வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை. அம்மா தன்னிடம் இருந்த வெளுத்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் கருகமணியோடு இத்தா இருந்தாள். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அது முடிந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு கடையில் போய் உட்கார்ந்தாள்.

பிரெஞ்சுக்காரர்கள் போய், கொடி மாறி, வெகுகாலம் கழித்து அம்மா என் வீட்டில் இறந்தாள். மையத்தைக் குளிப்பாட்டும்போது உடம்பில் எதுவும் இருக்கக்கூடாது. அதுவரைக்கும் வில்லியனூரிலிருந்து யாரும் சொல்லிவிட்டு வரவில்லை. நான்தான் கழற்றினேன். கயிறு நைந்து போயிருந்தது. கத்திரி தேவைப்படவில்லை.